ஆசிரியர்களின் பணி நிறைவு, இளைஞர்களின் வாழ்க்கை நிறைவு: ஓர் ஆய்வை முதலிலிருந்து கடைசிவரை செய்வது எப்படி?

முதன்முதலாக ஒரு பள்ளிக்கு வினாநிரல் கட்டோடு நான் போனபோது தலைமையாசிரியர் ரொம்பவே உதவியாக இருந்தார். "நீங்க எதுக்கு சார் ஒவ்வொரு ரூமா அலையணும்?" என்று சொல்லிவிட்டு, கட்டை வாங்கி அலுவலக உதவியாளரிடம் கொடுத்தார். மதிய இடைவேளைக்குள் இருபத்திரண்டு படிவங்களும் நிரப்பப்பட்டு அவர் மேஜைமேல் வந்து சேர்ந்தன. காபி கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால், இருபத்திரண்டு பேரும் தங்கள் பணியில் நிறைவாக இருந்தார்கள். தலைமையாசிரியரைப் பற்றிய கேள்விகளுக்குப் பெரும்பாலும் முழு மதிப்பெண். ஒரே ஒருவர் மட்டும் அந்தக் கேள்விகளை நிரப்பாமல் விட்டிருந்தார். அந்த இருபத்திரண்டில் உண்மையைச் சொன்னது அந்தக் காலியிடம்தான் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது.

எம்.எட். ஆய்வேடு, உளவியல் முதுகலைத் திட்டம், பிஎச்.டி.யின் முதல் ஆண்டு என்று இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் நிறைய. கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, பள்ளிகள் பக்கத்தில் இருக்கின்றன, கைடும் சரி என்று சொல்லிவிடுவார். சிக்கல் எல்லாம் ஒரு ஆசிரியர் பேனாவை எடுத்து ஒரு கட்டத்தில் டிக் அடிக்கிற அந்த நொடியில் இருக்கிறது. கீழே சொல்லும் படிகள் அந்த டிக் பொய்யாகாமல் பார்த்துக்கொள்வதற்கானவை.

படி 1: எதை அளக்கப் போகிறீர்கள்?

பணி நிறைவு, வாழ்க்கை நிறைவு இரண்டும் ஒன்றல்ல. வேலையைப் பற்றிய ஒட்டுமொத்த மதிப்பீட்டையும், சம்பளம், பதவி உயர்வு, சக ஆசிரியர்கள், வகுப்பறை வேலை என்று தனித்தனிக் கூறுகளைப் பற்றிய மதிப்பீட்டையும் சேர்த்தே பணி நிறைவு என்கிறோம். இதை முறையாக ஆராய்ந்த ஆரம்பகால நூல்களில் ஒன்று அமெரிக்கரான ராபர்ட் ஹாப்பாக் 1935-இல் வெளியிட்டது. அதிலேயே ஆசிரியர்கள் இடம்பெற்றார்கள். 1959-இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் பிட்ஸ்பர்க் பகுதிப் பொறியாளர்கள், கணக்காளர்களிடம் பேசிவிட்டு ஒரு கருத்தை முன்வைத்தார்கள். நிறைவைத் தருகிற காரணங்கள் வேறு, நிறைவின்மையைத் தருகிற காரணங்கள் வேறு. ஒன்று இல்லாமல் போனால் மற்றது தானாக வந்துவிடாது என்பது அது. 1967-இல் தாமஸ் செர்ஜியோவானி இதை ஆசிரியர்களிடம் சோதித்துப் பார்த்தார்.

ஹெர்ஸ்பெர்க்கின் முறையைப் பின்னால் பலர் குறை சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் நம்மூர் ஆசிரியர் அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அவர் எதைச் சொன்னார் என்பது விளங்கிவிடும். "பசங்க எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சப்போ வந்த சந்தோஷம்" என்று சொல்கிற அதே ஆசிரியை, அடுத்த மூச்சில் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் தகவல் இணையதளம்) பதிவேற்றம் பற்றியும் தேர்தல் பணி பற்றியும் கொட்டித் தீர்ப்பார். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 'நடுத்தர நிறைவு' என்று வரும். அப்படி நடுத்தரமாக அந்த அம்மாவுக்குள் எதுவும் கிடையாது.

வாழ்க்கை நிறைவு என்பது ஒருவர் தன் வாழ்க்கை முழுவதையும் எடைபோட்டுச் சொல்கிற தீர்ப்பு. இன்றைக்கு மனம் குதூகலமாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. எட் டீனர் 1984-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பிறகு, இதை அகநிலை நல்வாழ்வின் ஒரு பகுதியாகவும், இனிய உணர்ச்சிகளையும் வருத்தும் உணர்ச்சிகளையும் மற்ற பகுதிகளாகவும் பிரித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இரண்டுக்கும் தொடர்பு உண்டா? உண்டு. 34 ஆய்வுகளில் இருந்த சுமார் 19,800 பேரின் தரவைத் தொகுத்து டெய்ட், பேட்ஜெட், பால்ட்வின் மூவரும் 1989-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், அளவீட்டுப் பிழையைச் சரிசெய்த பிறகு ஒட்டுறவு 0.44 வந்தது (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதைச் சொல்கிற எண் அது; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). 1974-க்கு முந்தைய ஆய்வுகளில் இந்தத் தொடர்பு ஆண்களிடம் வலுவாகவும் பெண்களிடம் மெலிதாகவும் இருந்தது. அதற்குப் பிந்தைய ஆய்வுகளில் அந்த வேறுபாடு காணாமல் போயிற்று. வேலையும் வாழ்க்கையும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பது காலத்தோடு மாறும் என்று இதிலிருந்து தெரிகிறது. அப்புறம் இன்னொன்று: 1993-இல் ஜட்ஜும் வாடனாபேயும் செய்த ஆய்வில் தொடர்பு இரண்டு திசையிலும் ஓடியது, வாழ்க்கையிலிருந்து வேலைக்குப் போகிற திசைதான் அதிக வலு. வேலை சரியில்லாததால் வாழ்க்கை கசக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டு களத்துக்குப் போகாதீர்கள்.

படி 2: ஒரு கேள்வியை எழுதுங்கள்

ஆய்வேடுகளில் ஒரு சடங்கு இருக்கிறது. ஆண் பெண் வேறுபாடு உண்டா, நகரம் கிராமம் வேறுபாடு உண்டா, திருமணமானவர் ஆகாதவர், தமிழ் வழி ஆங்கில வழி, அரசு, உதவிபெறும், தனியார் என்று பத்துக் கருதுகோள்கள். எல்லாவற்றுக்கும் டி சோதனை, அதாவது இரண்டு கூட்டங்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை. ஒவ்வொன்றையும் 5 சதவீத மட்டத்தில் சோதித்தால், உண்மையில் எங்கேயும் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் பத்தில் ஒன்றாவது 'குறிப்பிடத்தக்கது' என்று வந்துவிட ஏறத்தாழ 40 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு அத்தியாயம் எழுதிவிடுகிறார்கள்.

பதிலாக, ஆசிரியர்களே பேசிக்கொள்கிற ஒரு விஷயத்திலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் 2009 ஜூன் 1-க்குப் பிறகு நியமிக்கப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள் 'சம வேலைக்குச் சம ஊதியம்' கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். ஒரே பள்ளியில், ஒரே வகுப்பை, ஒரே தகுதியோடு நடத்துகிற இரண்டு பேருக்கு இருவேறு அடிப்படை ஊதியம். சம்பளத்தின் தொகை பணி நிறைவைத் தீர்மானிக்கிறதா, அல்லது பக்கத்து நாற்காலியோடு ஒப்பிடுவது தீர்மானிக்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல களம் அமையாது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத்தில் வைக்கப்பட்டவர்கள் பற்றியும் இப்படி ஒரு கேள்வி கேட்கலாம்.

இளைஞர்கள் பக்கம் வந்தால், பி.எட். படிப்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: இதை விரும்பி எடுத்தீர்களா, வேறு எதுவும் கிடைக்காமல் எடுத்தீர்களா? இவ்விரு கூட்டத்தின் வாழ்க்கை நிறைவும் படிப்பு முடிகிற தறுவாயில் எப்படி இருக்கிறது என்பது ஆண் பெண் வேறுபாட்டைவிடப் பல மடங்கு சுவையான கேள்வி.

'இளைஞர்' யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஐ.நா. கணக்கில் 15 முதல் 24 வயது. இந்தியாவின் 2014 தேசிய இளைஞர் கொள்கையில் 15 முதல் 29. பதினாறு வயது பிளஸ் ஒன் மாணவியையும் இருபத்தெட்டு வயது பி.எட். மாணவரையும் ஒரே சராசரிக்குள் போட்டால் எதுவும் தெரியாது.

படி 3: எத்தனை பேர்?

கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்து 'முழுமைத்தொகுதி (ஆய்வுக்குரிய மொத்தப் பேர்) 10,000, எனவே மாதிரி 370' என்று எழுதுவது பழக்கம். அது ஒரு விகிதத்தை மதிப்பிடுவதற்கான அட்டவணை. நீங்கள் தேடுவது ஒட்டுறவு என்றால் ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் கணக்குப் போடுங்கள். 0.3 அளவுள்ள ஒட்டுறவை 80 சதவீத வலுவோடு (உண்மையில் இருந்தால் நூற்றுக்கு 80 முறை தென்படும்படி) கண்டுபிடிக்க சுமார் 85 பேர் போதும். 0.2 என்றால் சுமார் 194 பேர். 0.1 என்றால் 780-ஐத் தாண்டிவிடும்.

பலரும் தவறவிடுவது இங்கேதான். ஆசிரியர்கள் தனித்தனியாக வானத்திலிருந்து விழுவதில்லை. பள்ளிக் கொத்தாகத்தான் வருகிறார்கள். ஒரே தலைமையாசிரியர், ஒரே கழிப்பறை, ஒரே பேருந்து. ஆகவே ஒரு பள்ளிக்குள் பதில்கள் ஒன்றுபோல இருக்கும். பள்ளிக்கு 20 பேர் வீதம் 15 பள்ளிகளில் 300 பேரிடம் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்குள் ஒற்றுமை வெறும் 0.05 இருந்தாலே, 1 + (20 − 1) × 0.05 = 1.95 என்று ஒரு காரணி வருகிறது. 300-ஐ அதால் வகுத்தால், உங்கள் 300 பேர் உண்மையில் 154 பேருக்குச் சமம். அதனால் குறைந்த பள்ளிகளில் நிறையப் பேரைவிட, நிறையப் பள்ளிகளில் பள்ளிக்கு ஐந்தாறு பேர் என்பது மேல். பேருந்துக் கட்டணம் கூடும், வேறு வழியில்லை.

படி 4: கருவிகள்

வாழ்க்கை நிறைவுக்கு டீனர், எம்மன்ஸ், லார்சன், கிரிஃபின் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட வாழ்க்கை நிறைவு அளவுகோல் போதும். ஐந்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. மொத்தம் 5-க்கும் 35-க்கும் இடையில் வரும். 20 நடுநிலை, 26-க்கு மேல் நிறைவு, 14-க்குக் கீழே நிறைவின்மை. ஒருவர் 5, 4, 5, 6, 2 என்று குறித்தால் மொத்தம் 22, அதாவது ஓரளவு நிறைவு. யார் உருவாக்கியது என்று குறிப்பிட்டுவிட்டு இலவசமாகப் பயன்படுத்தலாம்.

பணி நிறைவுக்கு பால் ஸ்பெக்டர் 1985-இல் உருவாக்கிய பணி நிறைவு அளவெடுப்பு இருக்கிறது. 36 வாக்கியங்கள், ஒன்பது கூறுகள், கூறுக்கு நான்கு. வணிக நோக்கமில்லாத கல்வி ஆய்வுக்கு இலவசம். ஆனால் இது பொதுவாகச் சேவைத் துறை ஊழியர்களுக்கு எழுதப்பட்டது. தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் பதவி உயர்வு பற்றி நான்கு கேள்வி கேட்டால் சிரிப்பார். சுருக்கமாக வேண்டும் என்றால் ஹாங்காங்கில் ஹோ, அவ் இருவரும் 2006-இல் வெளியிட்ட கற்பித்தல் நிறைவு அளவுகோல் ஐந்தே வாக்கியங்கள். டீனரின் அளவுகோலை ஒட்டி, ஆசிரியர்களுக்கென்றே செய்தது.

பள்ளி மாணவர்களுக்கு ஸ்காட் ஹியூப்னரின் கருவிகளைப் பாருங்கள். 1991-இல் வந்தது ஏழு வாக்கியங்கள். 1994-இல் வந்தது 40 வாக்கியங்கள். குடும்பம், நண்பர்கள், பள்ளி, வசிக்கும் இடம், தான் என்று ஐந்து களங்களாகப் பிரித்துக் கேட்கும். நீட் பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்கு நண்பர்களில் உச்ச மதிப்பெண்ணும் பள்ளியில் அடிமட்டமும் வரலாம். மொத்தம் மட்டும் தெரிந்தால் அது புலப்படாது.

மாஸ்லாக்கின் பணிச்சோர்வுக் (பர்ன்அவுட்) கருவியைச் சேர்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது விலை கொடுத்து உரிமம் வாங்கவேண்டிய கருவி. இணையத்தில் கிடைத்த நகலை அப்படியே அச்சடித்துவிட்டு வைவாவில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

படி 5: தமிழாக்கம்

இதற்கு நீங்கள் ஒதுக்கிய நேரம் ஒரு வாரம் என்றால் ஒரு மாதமாக்குங்கள்.

முதலில் தலைப்புச் சொல்லே தகராறு. 'திருப்தி' என்று போட்டால் நம்மவர்களுக்கு அது பாதி விட்டுக்கொடுத்தலாகக் கேட்கிறது. "ஏதோ, இருக்கிறதை வச்சுத் திருப்தியா இருக்கேன்" என்பவர் உண்மையில் சலித்துப் போனவராக இருக்கலாம். போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று படித்து வளர்ந்தவர்களிடம் திருப்தி இல்லை என்று ஒப்புக்கொள்ள வைப்பதே கடினம். அது பேராசை போலத் தோன்றும். 'நிறைவு' கொஞ்சம் எழுத்துநடை என்றாலும் அந்த வாடை குறைவு. நான் 'மனநிறைவு' என்று போடுகிறேன்.

டீனரின் முதல் வாக்கியத்தில் வருகிற 'ஐடியல்' (ideal) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி 'இலட்சியம்' என்று காட்டும். அப்படியே போட்டேன். முன்னோட்டத்தில் ஒரு முதுகலை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இலட்சியத்தை அடைஞ்சுட்டேனான்னு கேக்கறீங்களா? நான் கலெக்டர் ஆகணும்னு நெனச்சேன்." அவருக்கு அந்தச் சொல் மேடைப்பேச்சு இலட்சியம். வாக்கியம் கேட்பதோ, தான் விரும்புகிற வாழ்க்கைக்கு இப்போதைய வாழ்க்கை எவ்வளவு நெருக்கம் என்பதை. 'பெரும்பாலும் என் வாழ்க்கை நான் விரும்புகிறபடியே இருக்கிறது' என்று மாற்றினேன். அதன்பின் யாரும் கலெக்டரைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவதில் 'சூழ்நிலை' என்ற சொல் வந்துவிடும். தமிழில் 'என் சூழ்நிலை அப்படி' என்றாலே கஷ்டம் என்றுதான் பொருள். 'வசதி வாய்ப்பு' என்று மாற்றினால் பணம் மட்டும் நினைவுக்கு வருகிறது. கடைசியில் 'என் வாழ்க்கையில் எல்லாம் மிக நன்றாக அமைந்திருக்கிறது' என்று வைத்தேன். இதைவிட நல்லது உங்களுக்குக் கிடைக்கலாம்.

ஐந்தாவது வாக்கியம்தான் வேடிக்கை. வாழ்க்கையை மறுபடி வாழ்ந்தாலும் அநேகமாக எதையும் மாற்றமாட்டேன் என்ற பேச்சு வந்ததும் சிலருக்கு மறுபிறவி நினைவுக்கு வந்துவிட்டது. "அடுத்த பிறவியிலயும் வாத்தியாரா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே 1-ஐ வட்டமிட்டார். 'சிறு வயதிலிருந்து மறுபடி வாழ ஒரு வாய்ப்புக் கிடைத்தாலும்' என்று தெளிவாக எழுதவேண்டியதாயிற்று. இந்த ஐந்தாவது வாக்கியம் மற்ற நான்கோடு அவ்வளவாக ஒட்டாது என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் பார்த்தது. அது கடந்த காலத்தைப் பற்றிக் கேட்கிறது. உங்கள் தரவிலும் அப்படி வந்தால் பதறவேண்டாம்.

ஸ்பெக்டரின் கருவியில் மேலதிகாரியைக் குறிக்கும் சொல்லை 'கண்காணிப்பாளர்' என்று போட்டால் தேர்வறைக் கண்காணிப்பாளர் வந்து நிற்பார். நேராக 'தலைமையாசிரியர்' என்று எழுதுங்கள். இன்னொரு வம்பு: 36-இல் 19 வாக்கியங்கள் எதிர்மறை. நாம் "சாப்பிடலையா?" என்று கேட்டால் "ஆமா, சாப்பிடல" என்கிற ஆட்கள். 'என் வேலைக்கு அர்த்தமே இல்லை' என்ற வாக்கியத்துக்கு 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று குறிக்கச் சொன்னால் இரண்டு 'இல்லை' மோதிக்கொள்கின்றன. முடிந்த இடத்தில் 'இல்லை'யைத் தவிர்த்து 'வீண்', 'குறைவு', 'சலிப்பு' மாதிரிச் சொற்களில் எதிர்மறையைக் கொண்டுவாருங்கள்.

முறை என்று கேட்டால், ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதிய மறுமொழிபெயர்ப்புதான் இன்றும் வழக்கம். ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஆனால் இலட்சியம் திரும்ப ஆங்கிலமாகும்போது மூலச்சொல்லாகவே வந்துவிடும், கலெக்டர் அதில் சிக்கமாட்டார். ஆகவே ஐந்தாறு பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்தவுடன் மனதில் என்ன வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு முப்பது, நாற்பது பேரிடம் முன்னோட்டம்.

படி 6: கேள்விகளின் வரிசை

ஸ்ட்ராக், மார்ட்டின், ஷ்வார்ஸ் 1988-இல் மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். வாழ்க்கை எப்படி என்று முதலில் கேட்டு, காதல் சந்திப்புகள் எப்படி என்று அப்புறம் கேட்டபோது இரண்டுக்கும் ஒட்டுறவு −0.12. வரிசையை மாற்றியதும் 0.66. பிந்தைய ஆய்வுகளில் வரிசையின் விளைவு இவ்வளவு பெரிதாக வரவில்லை என்றாலும், வரிசைக்கு அக்கறை காட்டச் செலவு ஒன்றுமில்லை. வாழ்க்கை நிறைவை முதலில் வையுங்கள். சம்பளம், தலைமையாசிரியர் என்று 36 வாக்கியங்களைக் கிளறிவிட்டு 'மொத்தத்தில் வாழ்க்கை எப்படி?' என்று கேட்டால் பதிலில் வேலைதான் இருக்கும்.

வயது, பாலினம், பதவி போன்றவை கடைசியில். அதிலும் கவனம்: ஈராசிரியர் பள்ளியில் பாலினம், வயது, பதவி மூன்றையும் கேட்பதும் பெயரைக் கேட்பதும் ஒன்றுதான். வயதை 'முப்பதுகள்', 'நாற்பதுகள்' என்று கட்டங்களாகக் கேளுங்கள். பள்ளிக்கு ஒரு எண் கொடுங்கள்.

படி 7: அனுமதி, ஒப்புதல்

அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதத்தோடு போங்கள். அந்தக் கடிதம் கதவைத் திறக்கும். கூடவே 'இது மேலிடத்து வேலை' என்ற பயத்தையும் கொண்டுவரும். கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள், ஆசிரியர்களிடம் ஒப்புதல் படிவத்தைக் காட்டுங்கள். விருப்பமில்லாவிட்டால் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள்படி 12 வயதுக்கு மேல் அந்தச் சம்மதம் எழுத்தில் இருக்கவேண்டும். வாழ்க்கை பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை எழுதிவைத்தால் என்ன செய்வீர்கள் என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே கைடோடு பேசி முடிவெடுங்கள். எல்லா மாணவர்களுக்கும் கொடுக்கும் நன்றிச் சீட்டில் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கட்டும்.

படி 8: களத்தில்

என் இருபத்திரண்டு படிவங்களின் கதைக்குத் திரும்புகிறேன். அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது. ஒவ்வொரு படிவத்தையும் பசை தடவிய உறையோடு கொடுப்பேன். உறைகளைப் போட ஒரு அட்டைப் பெட்டி, வாக்குப்பெட்டி மாதிரி மேலே ஒரு கீறல். அதை ஆசிரியர் அறையில் வைத்துவிட்டு நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன். முடிந்தால் தலைமையாசிரியரிடமும் ஒரு படிவத்தைக் கொடுத்துவிடுவேன். அவரும் ஒருவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்தானே. நிரப்ப உட்கார்ந்துவிட்டால் அடுத்தவர் தோளுக்குமேல் எட்டிப் பார்க்கமாட்டார்.

நாளும் முக்கியம். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம் நடக்கும்போதும், கலந்தாய்வு வாரத்திலும், சம்பளம் தாமதமான மாதத்திலும் கிடைக்கிற எண்ணிக்கை அந்த வாரத்தின் எண்ணிக்கை. 2025 செப்டம்பர் 1 அன்று, பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேறவேண்டும், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டாண்டு அவகாசம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முந்தைய வாரம் பாதிப் படிவங்களும் பிந்தைய வாரம் பாதியும் வாங்கிய ஆய்வாளரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படிவத்திலும் தேதி இருந்தால் மட்டுமே அவர் தப்பலாம். வெயிலும் மழையும்கூட வாழ்க்கை நிறைவுப் பதிலை மாற்றும் என்று 1983-இல் ஷ்வார்ஸும் குளோரும் சொன்னது பிரபலம். பின்னால் பெரிய மாதிரிகளில் சோதித்தபோது அது நிற்கவில்லை. ஆக, மழைக்குப் பயப்படவேண்டாம். அரசாணைக்குப் பயப்படுங்கள்.

கூகுள் ஃபார்மில் வாங்குவதாக இருந்தால் மின்னஞ்சல் சேகரிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இணைப்பைப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் தலைமையாசிரியரே போட்டு, "அனைவரும் இன்று மாலைக்குள் முடிக்கவும்" என்று சேர்த்தால் உறையும் பெட்டியும் செய்த வேலை அத்தனையும் போச்சு.

படி 9: பதிவேற்றமும் கணக்கும்

எதிர்மறை வாக்கியங்களைத் திருப்புவதுதான் முதல் வேலை. ஸ்பெக்டரின் கருவி போன்ற ஆறு புள்ளி அளவில் 7-இலிருந்து கழித்தால் போதும்: 2 என்பது 5 ஆகும். இதை மறந்த ஆய்வேடுகளில் நம்பகத்தன்மை (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்கிற எண்) 0.3 என்று வந்து, 'ஆசிரியர்கள் அலட்சியமாக நிரப்பினர்' என்று பழி அவர்கள்மேல் விழும். திருப்பும் முன்பு ஒரு நோட்டம் விடுங்கள். நேர்மறை எதிர்மறை பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 6 போட்டவரை அப்போதுதான் கண்டுபிடிக்க முடியும். காலியாக விட்டதைச் சுழியமாகப் போடாதீர்கள். யார், எந்தக் கேள்வியை விட்டார்கள் என்று தனியாக எண்ணுங்கள்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. ஜாமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம். அந்த நம்பகத்தன்மையைச் சொல்லும் குரோன்பாக் ஆல்ஃபாவை உங்கள் தரவிலேயே கணக்கிடுங்கள், மூல ஆசிரியர் 1985-இல் கண்டதை எடுத்து ஒட்டாதீர்கள். 0.7-க்கு மேல் என்றால் நல்லது.

பிறகு ஒவ்வொரு மாறியையும் வரைபடமாகப் பாருங்கள். சராசரிக்கு முன்னால் வரைபடம், இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கூன் விழுந்த ஒட்டகம் போல வந்தால் உள்ளே இரண்டு கூட்டம் இருக்கிறது.

ஒட்டுறவு 0.44 வந்தால் அதை இருமடி ஆக்குங்கள்: 0.19. வாழ்க்கை நிறைவில் காணும் ஏற்ற இறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேலையோடு சேர்ந்து நகர்கிறது, மீதி நான்கு பங்கு வேறெங்கோ இருக்கிறது. அதிலும் இரண்டு அளவுகோலையும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே மனநிலையில் நிரப்பியதாலேயே கொஞ்சம் ஊதியிருக்கும்.

பி மதிப்பை (தற்செயலாகவே இவ்வளவு வேறுபாடு வர எவ்வளவு வாய்ப்பு என்கிற எண்) மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் ஆசிரியைகளின் வாழ்க்கை நிறைவுச் சராசரி 24.1, ஆயிரம் ஆசிரியர்களின் சராசரி 23.6, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 5.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். டி மதிப்பு 2-ஐத் தாண்டும். 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று எழுதலாம். ஆனால் விளைவின் அளவு, அதாவது வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் வருவது, 0.09. முப்பத்தைந்தில் அரை மதிப்பெண். அதை வைத்துப் பெண்களே வாழ்க்கையில் அதிக நிறைவடைகிறார்கள் என்று தலைப்புப் போட எனக்கு வெட்கமாக இருக்கும்.

படி 10: எழுதுவது

யுஜிசியின் 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை உள்ள ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. மற்றபடி, முந்தைய ஆய்வுகள் அத்தியாயத்தை ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்திலிருந்து அள்ளிப்போடும் ஆசை வந்தால், அந்த ஆய்வேடுகளின் கருவிப் பின்னிணைப்பை மட்டும் எடுத்துப் படியுங்கள். எந்தத் தமிழாக்கம் எப்படித் தவறியது என்று அதில் தெரியும். உங்கள் தமிழாக்கத்தையும் முழுசாகப் பின்னிணைப்பில் போடுங்கள். அடுத்து வருகிறவர் இலட்சியத்தில் இடறாமல் இருப்பார்.

யார் பதில் தரவில்லை என்பதை எழுதுங்கள். 300 படிவம் கொடுத்து 210 திரும்பியது என்றால், அந்த 90 பேர்தான் மிகவும் சலித்தவர்களாக இருக்கலாம். 'பாதிக்கிறது', 'ஏற்படுத்துகிறது' என்ற வினைகளை ஒருமுறை அளந்த ஆய்வில் பயன்படுத்த உங்களுக்கு உரிமை கிடையாது. 'சேர்ந்து காணப்படுகிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முடிவுகளை ஒரே ஒரு பக்கத்தில், அட்டவணை இல்லாமல் எழுதி, படிவம் நிரப்பிய ஒவ்வொரு பள்ளிக்கும் எடுத்துப் போங்கள். பள்ளிவாரி எண்கள் அதில் வேண்டாம். முதல் பள்ளிக்கு நான் அப்படித் திரும்பப் போனபோது பழைய தலைமையாசிரியர் மாறுதலாகிப் போயிருந்தார். ஆசிரியர் அறையில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு ஆசிரியை கேட்டார்: "இப்ப அந்தப் பேப்பர் இன்னொண்ணு இருக்கா சார்? அன்னைக்கு நான் நாலு கேள்வியை விட்டுட்டேன்."